மெராந்தி முடியட்டும்

1

போன வாரம் மெராந்தி வெளியே வந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். மேலே பச்சை கிரீமில் ஒரு மரம் போட்டிருந்தது. எனக்கு வந்த துண்டில் வேர் மட்டும் இருந்தது.

மெராந்தி மலேசியக் காட்டில் வளரும் மரம். ஆனால் நாங்கள் செய்தது மரம் இல்லை. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிற சில்லு. புராசஸர் என்பார்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக ஒன்று வரும். அதை ஒரு தலைமுறை என்று சொல்வார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் வேலை நடக்கும்போது ஒரு செல்லப் பெயர் உண்டு. கடைக்குப் போகும்போது நம்பர் போட்ட வேறு பெயர் வந்துவிடும். எங்களுக்கு அது மெராந்திதான். அதற்கு முன்னால் வந்தது செங்கால். அதுவும் மரம். அடுத்ததற்கும் ஒரு மரத்தின் பெயர் வைத்தாயிற்று. அதை வெளியே சொல்லக் கூடாது.

நான் இருப்பது பினாங்கு. மலேசியாவில் ஒரு தீவு. பிறந்தது ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு. பெயர் மல்லிகா. எட்டாவது வரை படித்தேன். ஊரில் கேட்கிறார்கள், அங்கே உனக்கு இன்னா வேலை என்று. கம்பெனி வேலை என்று மட்டும் சொல்லி வந்தேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

எழுத இன்னொரு காரணம், மெராந்தி வேலை நடந்த வருஷங்கள் முழுக்க எல்லாரும் எனக்கு ஒன்றையே சொன்னார்கள். மேனேஜர் அம்மா சொன்னார். வீட்டுக்காரர் சொன்னார். நைனாவும் சொன்னார். மெராந்தி முடியட்டும், அப்புறம் போகலாம். நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவோம்.

முடிந்துவிட்டது. டிக்கெட் எடுத்தாயிற்று. நைனாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. என் பையன் கவினைத் தவழ்கிற வயசில் ஒரு தடவை தூக்கிப் போய்க் காட்டினேன். அதற்கப்புறம் நைனா அவனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாங்கள் போய் நிற்கும்போது பார்க்கிற அளவுக்குக் கண் மிச்சம் இருக்குமா என்று தெரியவில்லை.

2

வேலையைச் சொல்கிறேன்.

மெராந்தியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது கவின் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது நாலாவது படிக்கிறான். அவ்வளவு காலம் பிடிக்கும். எந்தக் கணக்கை எந்தப் பக்கம் போடுவது, எதற்குப் பக்கத்தில் எது இருப்பது என்று பல நாட்டில் உட்கார்ந்து வரைவார்கள். வீட்டுக்கு அறை பிரிப்பதுபோல. வரைந்ததைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார்கள். சரி என்று பட்டால் வார்க்கக் கொடுப்பார்கள். வார்க்கிற இடம் வேறு நாடு. வார்த்து வந்ததும் எங்கள் லேபுக்கு வரும். என் வேலை அங்கேதான் தொடங்கும்.

மெராந்தி வீட்டில் வைக்கும் கம்ப்யூட்டருக்கு இல்லை. சர்வருக்கும் ஒர்க்ஸ்டேஷனுக்கும். சர்வர் நம் கண்ணில் படாது. நீங்கள் போனில் பணம் அனுப்பினால், ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தால், எங்கேயோ குளிர்ந்த கட்டடத்தில் இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் திரும்பும். அதை அணைக்கவே மாட்டார்கள். ஒர்க்ஸ்டேஷன் மேசைக்குக் கீழே இருக்கும் பெரிய பெட்டி. பாலம் வரைகிறவர்கள், சினிமாவுக்குப் படம் வரைகிறவர்கள் வைத்திருப்பது.

சில்லுக்குள் நிறைய மூளை. கோர் என்பார்கள். சர்வருக்கு மூளை நிறைய வேண்டும். ஒவ்வொன்றும் நிதானமாக ஓடினால் போதும், நிற்கக் கூடாது. ஒர்க்ஸ்டேஷனுக்கு மூளை குறைவாக இருக்கலாம், ஆனால் வேகம் வேண்டும். ஒரே வார்ப்பில் வருவதைச் சோதித்துத்தான் எது எதற்கு என்று பிரிப்பார்கள். ஒன்றிரண்டு கோர் சரியில்லாமல் வருவதும் உண்டு. தூக்கிப் போட மாட்டார்கள். அந்தக் கோரை மட்டும் அடைத்துவிட்டு வேறு நம்பரில் விற்பார்கள். ஊரில் கடுக்காய் பிரிப்போமே, பூச்சி அரிக்காதது ஒரு பக்கம், அரித்தது ஒரு பக்கம், இரண்டுக்கும் ஆள் உண்டு. அதே மாதிரி.

நான் செய்வது சின்ன வேலை. நீலக் கோட்டு. கையில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து மேசைக்கு வயர். உடம்பில் இருக்கும் கரண்ட் சில்லுக்குப் போகக் கூடாது. உள்ளங்கை அளவு சில்லைத் தட்டிலிருந்து எடுத்து சாக்கெட்டில் உட்கார வைப்பேன். மேலே சாம்பல் பசை. பசைக்கு மேல் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி. திருகாணிகளை எந்த வரிசையில் முடுக்க வேண்டுமோ அந்த வரிசையில் முடுக்குவேன். நடுவில் பசை குறைந்தால் நடு கொதிக்கும். பிறகு எஞ்சினியர்கள் ஓட்டுவார்கள். அவர்கள் சொன்னால் கழற்றுவேன். வேறு ஒன்றை வைப்பேன்.

பக்கத்து மேசையில் சித்தி. அவள் பெயரே அதுதான். மலாய்க்காரப் பெண், என்னைவிடச் சின்னவள். போனில் தம்பி கோவிந்தனிடம் ஒரு நாள், சித்தி எனக்கு மீன் குழம்பு கொண்டு வந்தாள் என்றேன்.

"அங்க இன்னா உனக்குச் சித்தி?" என்றான்.

"பேருடா."

"யாரு பேரு?"

"அவ பேரு சித்தி."

"நைனாவுக்குத் தெரியாத சித்தியா" என்றான். பின்னால் நைனா சிரிப்பது கேட்டது. அவர் சிரித்தால் இருமல் வரும். இருமல் முடிகிற வரை நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

3

இங்கே வந்தது சின்னக் கதை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனியில் இருந்தேன். கூடத் தங்கியிருந்த பெண்ணைப் பார்க்க அவள் மாமன் மகன் பினாங்கிலிருந்து வந்தார். இங்கே கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பெயர் சேகர். பேசினோம். கட்டிக்கொண்டோம். நைனா மறுப்பு சொல்லவில்லை. கப்பலா விமானமா என்று மட்டும் கேட்டார்.

வந்த புதிதில் மாமியார் காலையில் "பசியாறிட்டியாம்மா" என்பார். சாப்பிட்டாயா என்பதைத்தான் இங்கே இப்படிக் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் 'துன்னியா' என்போம். பிரியமாகத்தான் கேட்போம். மரியாதையாக இருக்கட்டும் என்று மாமியாரிடம் "நீங்க துன்னீங்களா" என்றேன். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். இப்போது நானும் பசியாறுகிறேன். பசிக்கும்போது மட்டும் மனசுக்குள் பழைய சொல் வரும்.

ஆபீஸ் ஆபீசாக ஏறியதையும் சொல்ல வேண்டும். இங்கே புருஷன் இந்த நாட்டுக்காரன், பெண்டாட்டி வெளிநாட்டுக்காரி என்றால் அவளுக்கு ஒரு பாஸ் கொடுப்பார்கள். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது புருஷனும் கூட வந்து உட்கார வேண்டும். இமிகிரேஷன் ஆபீசில் குடிநுழைவு என்று போர்டு இருக்கும். அந்தத் தமிழ்ச் சொல்லை நான் இங்கே வந்துதான் படித்தேன்.

ஒரு தடவை என் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கேட்டார்கள். அதில் இனம் மலையாளி என்று இருக்கும். ஜவ்வாது மலையில் நாங்கள் எல்லாரும் மலையாளிதான். மலையில் இருக்கிறவர்கள், அவ்வளவுதான் அர்த்தம். கேரளாவை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கவுன்டரில் இருந்தது தமிழ்ப் பெண். சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மலையாளின்னு போட்டிருக்கு. தாய்மொழி தமிழ்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. மலையாளிதான். பேசறது தமிழ்."

"கேரளாவில எந்த ஊரு?"

"கேரளா இல்லீங்க. மலை."

"மலேயாவா?"

"இல்லீங்க. எங்க மலை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, மலையாளி, மலை, மலேயா. ஏதாவது ஒண்ணு எடுத்துக்குங்க."

வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். "விடு லா. தமிழ்னு போடட்டும்." இங்கே எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் என்று போட்டாள். அதில் பொய் இல்லை. ஆனாலும் பஸ்சில் வரும்போது எதையோ வைத்துவிட்டு வந்தது மாதிரி இருந்தது. பையைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது.

கவினுக்கு மலாய் நன்றாக வரும். ஆங்கிலம் அதைவிட. தமிழ் என்னோடு மட்டும், அதுவும் குறைவுதான். பள்ளிக்கூடத்தில் 'என் கம்போங்' என்று எழுதச் சொன்னார்கள். கம்போங் என்றால் கிராமம். என் மாமியார் பிறந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றி எழுதினான். நன்றாக எழுதியிருப்பதாக டீச்சர் நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

"அம்மா ஊரப் பத்தி எழுதலியா?" என்றேன்.

"நீங்க சொன்னதே இல்லியே."

உண்மைதான். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு அவனிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சாமை விளையும் என்றேன். சாமை என்றால் என்ன என்றான். அரிசி மாதிரி, சின்னது என்றேன். புளி உண்டு என்றேன். தேன் உண்டு. கரடி வரும். கரடி என்றதும் நிமிர்ந்தான். "நீங்க பார்த்திருக்கீங்களா?" பார்த்திருக்கிறேன் என்றேன். பார்த்தேன், அது போயிற்று, நான் வீட்டுக்குப் போனேன். அதைத்தான் சொன்னேன். அவன் மறுபடி குனிந்துகொண்டான்.

4

முதல் மெராந்தி ஒரு ஆளின் கைப்பெட்டியில் விமானத்தில் வந்தது. அன்றைக்குக் காலையில் லேபில் நிற்க இடமில்லை. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். சாக்கெட்டில் நான்தான் வைத்தேன். யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அன்றைக்கு என் ஷிப்ட்.

ஸ்ரீராம் சுவிட்சைப் போட்டான். சென்னைப் பையன், எஞ்சினியர், என்னை அக்கா என்பான். போர்டின் ஓரத்தில் சிவப்பாக இரண்டு எழுத்து ஓடும். சில்லு எந்தப் படி வரைக்கும் எழுந்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்வார்கள். எழுத்து மாறியது. மறுபடி மாறியது. விசிறி வேகமாகச் சுற்றியது. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அப்புறம் எழுத்து நின்றது. போர்டில் இருந்த விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின.

நான் வாய்க்குள் சொன்னேன். "மலையேறிடுச்சு."

ஸ்ரீராம் திரும்பினான். "என்னக்கா சொன்னீங்க?"

"வெளக்கு போனா அணைஞ்சிடுச்சுன்னு சொல்லக் கூடாது தம்பி. மலையேறிடுச்சுன்னு சொல்லணும்."

"எங்க வீட்லயும் சொல்வாங்க. நான் மறந்தே போயிட்டேன்" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் சொன்னான். விளக்கு மலைக்கு ஏறிப் போய்விட்டது. மேனேஜர் அம்மா சீனப் பெண். அவருக்கு அது பிடித்துவிட்டது. செத்துப்போச்சு என்பதைவிட நன்றாக இருக்கிறது என்றார்.

மின்சார அளவை யாரோ மாற்றினார்கள். அன்று மாலைக்குள் மெராந்தி எழுந்துவிட்டது. திரையில் எழுத்து வந்ததும் கைதட்டினார்கள். என் சொல் மட்டும் லேபில் தங்கிவிட்டது. எந்த மெஷின் நின்றாலும் 'மலையேறி' என்றார்கள். மலாய்க்காரர், சீனர், வங்காளி, எல்லாரும். சித்தி பேப்பரில் எழுதி மெஷின் மேல் ஒட்டினாள்.

எழுந்ததோடு முடியவில்லை. சூட்டில் வைத்து ஓட்டினார்கள், குளிரில் வைத்து ஓட்டினார்கள். மெமரியை முழுக்க மாட்டி ஓட்டினார்கள். நாள் கணக்கில் நன்றாக ஓடும். திடீரென்று அப்படியே நிற்கும். ஆயிரம் தடவை சரியாக இருந்தாலும் சர்வர் ஒரு தடவை நிற்கக் கூடாது. மாதக் கணக்கில் தேடினார்கள். கடைசியில் கண்டுபிடித்தார்கள். உள்ளே இரண்டு பாகம். இது அதற்காகக் காத்திருக்கிறது, அது இதற்காகக் காத்திருக்கிறது. வாசலில் இரண்டு பேர் 'நீ போ, நீ போ' என்று நின்றால் ஒருத்தரும் உள்ளே போக மாட்டார்கள் இல்லையா, அப்படி என்று ஸ்ரீராம் சொன்னான்.

உள்ளே இருப்பதை ஊசி வைத்தா சரிசெய்ய முடியும்? மறுபடி வரைய வேண்டும், மறுபடி வார்க்க வேண்டும். அதை ஸ்டெப்பிங் என்பார்கள். ஒரு படி. படி ஏற ஒரு மழைக்காலம் போய்விடும்.

நைனாவுக்குக் கண் மங்குகிறது என்று கோவிந்தன் முதலில் சொன்னது அந்தச் சமயத்தில்தான். புது வார்ப்பு வருவதற்குள் போய் வந்துவிடலாம் என்று நினைத்தேன். ஸ்ரீராமிடம் சொன்னேன்.

"தம்பி, மேனேஜர்கிட்ட நீ சொல்லு. நான் மலையேறணும்."

அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "அக்கா, அபசகுனமா பேசாதீங்க. நீங்க இன்னும் நல்லாத்தான் ஓடறீங்க." பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சொன்னான். மல்லிகா மலையேறியாம். எல்லாரும் சிரித்தார்கள். கேலி இல்லை. நானும் சிரித்தேன்.

எங்களுக்கு மலையேறுவது என்றால் வீட்டுக்குப் போவது. திருப்பத்தூர் சந்தையில் பொழுது சாய்ந்தால் "வா, மலையேறலாம்" என்பார் நைனா. அந்த ஒரு வார்த்தையில் சோறும் இருக்கும், படுக்கையும் இருக்கும். அதை நான்தான் லேபுக்குக் கொடுத்தேன். அதற்கப்புறம் லீவு கேட்கும்போது ஊருக்குப் போகணும் என்றுதான் சொன்னேன். மேனேஜர் அம்மா கேட்டுக்கொண்டார். புது வார்ப்பு எந்த வாரமும் வரலாம், மெராந்தி முடியட்டும் என்றார். அவர் பேரிலும் தப்பில்லை. அவரும் தன் அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

5

ஊரில் எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணித்தொட்டி மேட்டுக்கு ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனா ஏறுவார். முதலில் தனியாக வந்தார். அப்புறம் கோவிந்தன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் பார்த்துப் பேசுகிற அளவுக்கு அங்கே சிக்னல் நிற்காது. குரல் மட்டும்.

"அந்த மரம் இன்னா ஆச்சு?" என்பார். எடுத்ததும் அதுதான்.

"இன்னும் ஆவல நைனா."

"எத்தினி பேரு செய்றீங்க?"

"ஆயிரக்கணக்குல."

"அத்தினி பேரு சேந்து ஒரு மரத்த வளக்க முடியலயா?"

"நின்னு நின்னு போவுது."

"மண்ணு சரியில்லியா பாரு" என்றார்.

வேலூரில் கண் டாக்டர், கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதாமாதம் வர வேண்டும் என்றாராம். நைனா சில மாதம் போனார். ஜீப், பஸ், இன்னொரு பஸ். ஒரு நாள் போக, ஒரு நாள் வர. அப்புறம் நிறுத்திவிட்டார்.

"ஏன் நைனா போவல?"

"கண்ணுல குத்திக்கினு கண்ணு எப்டிமா தெரியும்? சாமை வேற அறுக்கணும்."

"கோவிந்தன் அறுப்பான்."

"அவன் அறுப்பான். யாரு பாக்கறது?"

அவர் பார்க்க முடியாமல்தான் டாக்டரிடம் போனார். போனில் காற்று கேட்டது. அந்த மேட்டுக் காற்று எனக்குத் தெரியும். கோரைப்புல்லில் பட்டு வரும். நான் அடுக்குமாடியில் பதினோராவது மாடி பால்கனியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரம் வர்றேன் நைனா" என்றேன்.

"அது முடியட்டும். பாதில வுட்டுட்டு வராத. கண்ணு எங்க போவுது, இங்கதான் கீது."

பிறகு போனைக் கோவிந்தன் வாங்கினான். கொஞ்சம் தள்ளிப் போனான் போல. குரலைத் தாழ்த்தினான்.

"யக்கா, நடுவுல ஒண்ணும் தெரியலயாம். ஓரம் தெரியுதாம். டாக்டரு அப்டிதான் சொன்னாரு."

"அப்டின்னா இன்னாடா?"

"எனக்கு இன்னா தெரியும். சோத்துல கல்லு கீதுன்னு கண்டுபிடிக்கறாரு. என்னப் பாத்து யாருங்கறாரு."

"என்னப் பாத்தா தெரியுமா?"

"வந்து நின்னாதான் தெரியும்" என்றான். 

அன்றைக்கு இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்து, நடுவை மறைத்து, ஓரத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்தேன். துணி காயும் கம்பி தெரிந்தது. கடல் கொஞ்சம் தெரிந்தது. கவின் வந்து, என்னம்மா செய்யறீங்க என்றான். கண்ணு கூசுது என்றேன்.

புது வார்ப்பு வந்தது. அது நிற்கவில்லை. வாரக்கணக்கில் ஓடியது. எஞ்சினியர்கள் முகத்தில் தூக்கம் போய்க் களை வந்தது. பிறகு பிரிக்கிற வேலை. இது சர்வர், இது ஒர்க்ஸ்டேஷன், இது கோர் அடைத்தது. நாள் முழுக்க வைப்பேன், கழற்றுவேன். அதற்கிடையில் என் பாஸ் முடிகிற நேரம் வந்தது. முடிந்தபின் வெளியே போனால் உள்ளே வர வழியில்லை. புதுப்பிக்க வீட்டுக்காரரும் வர வேண்டும். அவருக்குப் பதிலாக பஸ் ஓட்ட ஆள் கிடைக்க வேண்டும். ஆள் கிடைத்த நாளில் குடிநுழைவு ஆபீசுக்குப் பொது விடுமுறை. எல்லாம் முடிந்து முத்திரை விழுந்தபோது மெராந்தியும் முடிந்திருந்தது.

கவினுக்கு வர இஷ்டமில்லை.

"வைஃபை இருக்கா?"

"கரண்டே சில நாள் இருக்காது."

"அப்ப அங்க என்ன செய்யறது?"

"இன்னா செய்யறது. இருக்கறது."

"தாத்தாவுக்குத்தான் கண்ணு தெரியாதே. நான் வந்தாலும் அவருக்குத் தெரியாது." வெடுக்கென்று சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னான். அவன் சட்டைகளைப் பெட்டியில் வைத்தேன்.

கேக் வெட்டிய அன்று சித்தி எனக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்தாள். அப்பாவுக்கு என்றாள். மற்றவர்களிடம் திரும்பி, மல்லிகா மலையேறி என்றாள். புதிதாக வந்திருந்த பையன் பயந்து என்னைப் பார்த்தான். இல்லை, வீட்டுக்குப் போகிறாள், அதற்கும் அதுதான் வார்த்தை என்று சித்தி அவனுக்கு விளக்கினாள். நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஸ்ரீராமைக் கேட்டிருக்கிறாள்.

6

இதை ஊரிலிருந்து எழுதுகிறேன். வந்து சில நாள் ஆகிறது.

திருப்பத்தூரில் இறங்கிப் புதூர்நாடு பஸ். அங்கிருந்து ஜீப். கவின் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். ஜீப்பில் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். அவன் ஆங்கிலத்தில் நன்றி சொன்னான். "இன்னா சொல்றான் கொழந்த?" என்றார். வாந்திக்குப் புளிப்பாக ஏதோ கேட்கிறான் என்று நினைத்து ஒரு நெல்லிக்காய் கொடுத்தார்.

கோவிந்தன் ஜீப் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். பாதை நெடுக அவன் பேசினான். நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

நைனா வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துண்டு. முடி வெட்டியிருந்தார். நான் வருகிறேன் என்று வெட்டியிருக்கிறார்.

"நைனா" என்றேன்.

குரல் வந்த பக்கம் திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாட்டுக்கொட்டாயைப் பார்த்தார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் வராததற்குக் கோபம் என்று நினைத்தேன். இருக்கட்டும், அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்றும் நினைத்தேன்.

கோவிந்தன் பெட்டியை இறக்கினான். "இன்னா யக்கா நின்னுட்ட? உன்னத்தான் பாக்கறாரு."

"எங்கடா பாக்கறாரு?"

"நேரா பாத்தா நடுவுல பூரா கறுப்பாம். இப்டித் திரும்பினாதான் ஓரத்துல ஆளு தெரியுமாம். எங்களல்லாம் அப்டிதான் பாக்கறாரு. போ கிட்ட."

போனேன். நைனா மாட்டுக்கொட்டாயைப் பார்த்தபடியே இருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"எளைச்சிட்ட" என்றார்.

"இல்ல நைனா."

"பொய் சொல்லாத. கழுத்து எலும்பு தெரியுது." அப்புறம், "அந்த மரம் இன்னா ஆச்சு?"

"முடிஞ்சிடுச்சு."

"நிக்குதா?"

"நிக்காம ஓடுது நைனா."

"ம்" என்றார். "புள்ள எங்க?"

கவின் என் முதுகுக்குப் பின்னால் இருந்தான். முன்னால் தள்ளினேன். அவன் நைனாவுக்கு முன்னால் போய் நின்றான். நைனா முகத்தை இடப்பக்கம் திருப்பினார். கவின் பள்ளிக்கூடத்தில் பழகியவன். பெரியவர்களோடு பேசினால் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும். அவனும் இடப்பக்கம் நகர்ந்து நேராக நின்றான். நைனாவுக்கு அவன் காணாமல் போனான். அவர் வலப்பக்கம் திரும்பினார். கவினும் வலப்பக்கம் ஓடினான். கோவிந்தன் சிரித்துவிட்டான். நைனா கையை நீட்டித் தேடினார். "எங்க போனான்? இப்பதான இங்க இருந்தான்."

கவின் என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. "அம்மா, தாத்தா என்னப் பாக்கவே மாட்டேங்கறாரு."

"பாக்கறாருடா. நீ நகராத."

"வேற பக்கம் பாக்கறாரே."

"அப்படிப் பாத்தாத்தான் தாத்தாவுக்கு நீ தெரிவ. அங்கயே நில்லு. அவரு எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ நில்லு."

கவின் கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். நைனா மெதுவாக முகத்தை அவனிடமிருந்து திருப்பினார். கொஞ்சம் போய் நிறுத்தினார். திரும்பக் கொஞ்சம் வந்தார். அங்கே நின்றார். உதடு அசைந்தது.

கோழி ஒன்று இருவருக்கும் நடுவில் நடந்து போயிற்று. கவின் அசையவில்லை.

"தெரியுதா தாத்தா?" என்றான். என்னைத் தவிர இன்னொருவரிடம் அவனாகத் தமிழில் ஒன்று கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தெரியுது" என்றார் நைனா. "அப்டியே இரு."

அவன் அப்படியே இருந்தான். நைனா புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.